விட்டத்தைப் பாரு, ஆயி

என்ன ஆயி, கூடம் பூரா கயிறாக் கிடக்கு? கன்னுக்குட்டி ஏதும் வாங்கப் போறியா? செடியைத் தொங்கவிடக் கயிறு பின்னுறேங்கறே. செடி அது பாட்டுக்கு மண்ணுல நின்னுக்கிட்டிருந்துச்சு. அதைப் புடுங்கித் தொட்டியில வச்சீங்க. தொட்டியத் தூக்கித் திண்ணையில வச்சீங்க. அப்புறம் காரு நிறுத்தணும்னு திண்ணையை இடிச்சீங்க. இப்ப வைக்க இடமில்லாம அந்தரத்துல தொங்கவிடுறீங்க. அடுத்து எங்க போகப்போறோம்னு அந்தச் செடிக்கே தெரியாது, பாவம்.

கோவிச்சுக்காதே. இப்படி வந்து குந்து. மேக்ரமேன்னு பேராம்ல. ஒண்ணு தொள்ளாயிரம் ரூவாயாம். செடி தனி, தொட்டி தனி. தொள்ளாயிரத்துக்கு அப்படி என்னதான் குடுக்குறேன்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டு உத்துப் பாத்தேன். மேல ஒரு வளையம், எட்டு இழைக் கயிறு, கொஞ்சம் முடிச்சு, கீழ ஒரு குஞ்சம். மத்தது அத்தனையும் ஓட்டை. ஓட்டையை விக்கலாம்னு தெரியாம இத்தனை வருசமா நெல்லை வித்துக்கிட்டிருந்துட்டேன் பாரு, நான் எவ்வளவு பெரிய மக்கு.

ஆனாலும் நீ கெட்டிக்காரி. கொடியேத்தத்துக்குள்ள லாட்ஜுக்கு இருபது வேணும்னு ஆர்டர் புடிச்சிருக்கே. ஆகஸ்ட் 29 நம்ம வேளாங்கண்ணிக் கோயில் கொடியேத்தம், செப்டம்பர் 8 மாதா பொறந்த நாளு. அதுக்குள்ள இருபதும் லாட்ஜு வரவேற்பறையில தொங்கணும். தொங்கட்டும். எவன் தலையிலயும் விழாமத் தொங்கணும். அதுக்குத்தான் இந்தக் கிழவன் கூப்புடாமலே வந்து வாயக் குடுக்குறேன்.

நீ பின்னுறது என்னன்னு உங்க அப்பாயியக் கேட்டா ஒரே வார்த்தையில சொல்லிடுவா. நம்ம பழைய அடுப்படியில உத்திரத்துலேர்ந்து உறி தொங்கும். அடியில வைக்கோலு திரிச்ச பிரிமணை. அதுலேர்ந்து நாலு கயிறு மேல போயி ஒண்ணாச் சேரும். பிரிமணை மேல தயிர்ப்பானை, அது மேல வெண்ணெச் சட்டி, அதுக்கும் மேல சின்னக் கலயத்துல நெய்யி. எறும்பு வராது, எலி வராது. பூனை மட்டும் கீழ உக்காந்து மேல பாத்துக்கிட்டே இருக்கும். உறி கட்டுற உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பொம்பளை கையத் தூக்குனா எட்டணும், புள்ளைங்களுக்கு எட்டக்கூடாது. உங்க அப்பாயி உயரத்துக்குக் கட்டச் சொன்னாங்க. நான் நாலு விரக்கடை இறக்கிக் கட்டுனேன். ஏன்னு அவளும் கேக்கல, நானும் சொல்லல. உங்க அப்பன் எட்டு வயசுலயே நல்லாக் கொழுகொழுன்னு இருந்தான், அம்புட்டுத்தான்.

ஃபிரிட்ஜு வந்த வருசம் உறியை அவுத்து கன்னுக்குட்டிக்குக் கட்டுனாங்க. ஒருத்தரும் அழுவல. இப்ப அதையே கண்ணாடிக் கடையில மாட்டி, ஏசி போட்டு, ரசீதோட விக்கிறாங்க.

உறி நேத்து வந்த சங்கதி இல்ல ஆயி. எங்க தமிழ் வாத்தியார் சொல்லுவாரு, கலித்தொகையிலயே முக்கோலும் கையுமா வெயில்ல நடந்து போற பெரியவங்க தண்ணிக் கரகத்தை உறியிலதான் தொங்கவிட்டுக்கிட்டுப் போறாங்களாம். அந்தக் காலத்து வாட்டர் பாட்டிலு. வரகூர்ல உறியடின்னா சுத்துப்பட்டுல அத்தனை சனமும் கூடும். நம்ம ஊரையே எடுத்துக்க. வேளாங்கண்ணிக் கதை பால்ல ஆரம்பிச்சு மோருல தொடருது. நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டு போன பையன் குளத்தங்கரை ஆலமரத்தடியில படுத்தான். மாதா வந்து புள்ளைக்குப் பால் கேட்டா. குடுத்துட்டுப் போனவன் கலயத்தைத் திறந்தா மறுபடியும் நிறைஞ்சிருக்கு. அப்புறம் நடுத்திட்டுல மோர் வித்த கால் நொண்டிப் பையன் எழுந்து நடந்தான். அந்தக் கலயத்தை எதுல வச்சுத் தூக்கிட்டு வந்தாங்கன்னு கதையில எவரும் சொல்லல. பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் பால் கலயத்தை வெறுங்கையில ஏந்திக்கிட்டு எவனும் நடக்கமாட்டான்னு மட்டும் எனக்குத் தெரியும். கோயில் பசிலிக்காவானது 1962-ல. உறிக்குத்தான் இன்னும் ஒரு பட்டமும் வரல. நீயாச்சும் தொள்ளாயிரம் ரூவா பட்டம் குடுத்தியே, சந்தோசம்.

சரி, வேலைக்கு வருவோம். இது என்ன கயிறு? பருத்தியா? தொட்டா பஞ்சாட்டம் வருது. ஒரே இழை, முறுக்கே இல்ல. ஓ, குஞ்சத்தைச் சீப்பால சீவி விரிக்கறதுக்கா? சீவு. கூடவே பவுடரும் போடு. ஆனா லாட்ஜு கடலுக்கு எவ்வளவு தூரம்னு கொஞ்சம் யோசனை பண்ணு. நம்ம ஊர்ல காத்துல பாதி உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில கதவே ஊறிக்கிட்டு மூடமாட்டேங்குது. செடிக்கு ஊத்துற தண்ணி வேற கசிஞ்சு அடி முடிச்சுலயே வந்து நிக்கும். பருத்தி குடிச்சு குடிச்சுக் கரும்புள்ளி விழும். வாங்குறவன்கிட்ட அதுவும் டிசைனுதான்னு நீ சமாளிச்சுடுவே. முடிச்சுகிட்ட எப்படிச் சமாளிப்பே?

தண்ணி படுற இடத்துக்குத் தேங்காநாருதான் கயிறு. மட்டையை மாசக்கணக்கா உப்புத்தண்ணிக் குட்டையில ஊறப் போடுவாங்க. அந்த நாத்தத்தை மூக்குல வாங்குனவனுக்கு உலகத்துல வேற நாத்தமே கிடையாது. எடுத்து மரக்கட்டையால அடிச்சா சோறு தனி, நாரு தனி. கையை நீட்டு, காட்டுறேன். இந்த நாரை ரெண்டு புரியாப் பிரி. ஒவ்வொரு புரியையும் உள்ளங்கையில வச்சு வலப்பக்கமா முறுக்கு. விட்டுடாதே. இப்ப ரெண்டையும் ஒண்ணா வச்சு, இடப்பக்கமா முறுக்கு. விடு. அவுருதா? அவுராது. ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவுத்துக்கப் பாக்குது. அவுத்துக்கப் பாக்குற அந்த வேகத்துலயே ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இறுக்கிக்குது. உன்னோட ஒத்தை இழைப் பஞ்சுக்கு இந்தச் சண்டை கிடையாது. சண்டை போடத் தெரியாத கயிறு பாரம் தாங்காது.

நாரு கிடைக்குமான்னு கேக்கறே. கஜா புயல், 2018 நவம்பர் 16, நம்ம டெல்டாவுல தென்னையை லட்சக்கணக்குல சாய்ச்சுப் போட்டுச்சு. இருந்தாலும் நாருக்குப் பஞ்சம் வரல. பஞ்சம் வந்தது கயிறு திரிக்கற கைக்குத்தான். கை கரடுதட்டினா போன்ல தேய்க்க வராதேன்னு எல்லாருக்கும் கவலை. நாரு உன் உள்ளங்கையை அறுக்கும், அழகும் குறைச்சல்தான். அதுக்கும் ஒரு வழி உண்டு. உள்ள பாரத்தைத் தாங்குறது நாலு நார்க்கயிறு, மேல முடிச்சு வேலையெல்லாம் உன் வெள்ளைப் பஞ்சு. கல்யாணத்துல மாப்பிள்ளைய முன்னால நிறுத்திட்டுக் கடனை அப்பன் தாங்குறான்ல, யாரும் தப்பாச் சொல்லமாட்டாங்க.

கயித்தை நம்பி ஒரு ஊரே கடலுக்குப் போச்சு, தெரியுமா? கட்டுமரத்துல ஆணி கிடையாது. மரத்தை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து ரெண்டு முனையிலயும் கயித்தால இறுக்கிக் கட்டுவாங்க. கரைக்கு வந்ததும் அவுத்துப் பிரிச்சு மணல்ல காயப் போடுவாங்க, இல்லாட்டி மரம் தண்ணி குடிச்சுக் கனத்துப் போயிடும். விடிஞ்சா கட்டணும், பொழுது சாஞ்சா அவுக்கணும். அலையில அவுராத முடிச்சு, கரையில ஒரு இழுப்புல அவுரணும். அதுதான் வித்தை. 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் கட்டுமரம் குறைஞ்சு ஃபைபர் போட்டு வந்துச்சு. அந்த நாளைப் பத்தி நான் உன்கிட்ட வெளையாட்டாப் பேசமாட்டேன்.

உன் முடிச்சைக் காட்டு. ம்ம்ம். இதை அவுத்துக் காட்டு பாப்போம். முடியலியா? செடி பெருத்துத் தொட்டி மாத்தணும்னா கத்திரிக்கோலா? நல்ல யாவாரம். தொட்டி பெருத்தா தொள்ளாயிரம், செடி செத்தா தொள்ளாயிரம். வெவரமானவதான் நீ.

இந்த நீளப் பின்னலு எப்படிப் போடுறே? நாலு இழை, நடுவுல ரெண்டு சும்மா நிக்குது, ஓரத்து ரெண்டும் வேலை பாக்குது. இடதை மேல போட்டு ஒரு முடி, வலதை மேல போட்டு ஒரு முடி. இப்படி மாத்தி மாத்திப் போட்டா தட்டையா வருது. ஒரே பக்கமாப் போட்டுக்கிட்டே போனா முறுக்கிக்கிட்டு மாடிப்படியாட்டம் சுத்துது. இது நம்ம தமிழ்நாட்டு ஓட்டு ஆயி! 1989-லேர்ந்து 2011 வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு முடி, அந்தப் பக்கம் ஒரு முடின்னு தட்டையா வந்துச்சு. 2016-ல கை மறந்து ஒரே பக்கமா ரெண்டு முடி விழுந்துச்சு. முறுக்கிக்கிச்சா இல்லியா? அந்த முறுக்குல எத்தனை பேரு எங்கெங்க போயி மாட்டுனாங்கன்னு டிவியைப் போட்டா இன்னமும் வரும். 2021-ல மறுபடியும் பக்கம் மாத்திப் போட்டாங்க. நீ கை மறக்காம இரு. முறுக்கு வேணும்னா வேணும்னே போடு. மறந்து போட்டதை டிசைனுன்னு சொல்லாதே.

இழை எவ்வளவு நீளம் வெட்டுனேன்னு கேட்டா முழிக்கிறே. பாதியில கயிறு தீந்து போயி மூணு கிடக்கறதை நேத்தே பாத்தேன். பாக்காத மாதிரிப் போனேன். பொதுக்கணக்கு இதுதான். முடிச்சு போடுற இழை, பின்னி முடிஞ்ச நீளத்தைப் போல நாலு பங்கு தின்னும். நடுவுல சும்மா நிக்கிறது, முடிஞ்ச நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தாப் போதும். நாலையும் ஒரே அளவா வெட்டுனா சும்மா நின்னவன் வாலு மட்டும் தரையில புரளும். சும்மா நிக்கிறவனுக்கு எப்பவும் மிச்சந்தான்.

இந்த வித்தையை வீடியோவுல ஒரு வெள்ளைக்காரி சொல்லிக்குடுத்தாளா? அவுங்க ஊர்ல 1970-கள்ல இது வீட்டுக்கு வீடு தொங்குச்சாம். அப்புறம் பரண்ல ஏறிடுச்சாம். இப்ப மறுபடியும் இறங்கியிருக்கு. அவுங்களுக்கு முன்னாடி கப்பக்காரனுங்க இதுல கில்லாடி. பாய்க்கப்பல்ல மாசக்கணக்கா வேலை இல்லாத நேரம், கையில கயிறு, வேற என்ன செய்வான்? பாட்டிலுக்கு உறை, கத்திப் பிடிக்கு உறை, மணிக்கயிறுன்னு பின்னித் துறைமுகத்துல குடுத்து வேண்டியதை வாங்கிக்குவான். நாகப்பட்டினத்துக்கு ரஜூலா கப்பல் வந்துக்கிட்டிருந்த காலம். மெட்ராஸ்லேர்ந்து வந்து, இங்க ஆளை ஏத்திக்கிட்டு, பினாங்கு, சிங்கப்பூருன்னு போகும். கரைக்கு வரமாட்டா மகராசி, தூரத்துலயே நின்னுக்குவா. தோணியில போய்த்தான் ஏறணும். நான் அப்ப தோணியில வேலை. கப்பல் ஆளு ஒருத்தன் இடுப்புல பின்னல் உறை போட்ட பாட்டிலு. பின்னலு அப்படியே உன் பின்னலு. எப்படிப் போட்டேன்னு கேட்டேன். காசு கேட்டான். நான் காசு குடுக்கல, பாட்டிலு எப்படிக் காலியாவும்னு அவனுக்குக் கத்துக்குடுத்தேன். காலியானதும் அவனே சொல்லிக்குடுத்தான்.

நம்ம மாதா கோயிலும் கப்பக்காரன் கதைதானே. புயல்ல மாட்டுன போர்த்துகீசியக்காரங்க மாதாவை வேண்டிக்கிட்டு, மாதா பொறந்த நாளன்னிக்கு இங்க கரை சேந்து, கோயில் கட்டுனதாச் சொல்றாங்க. அவுங்க குடுத்ததாச் சொல்ற சீனப் பீங்கான் தட்டு பீடத்துல இருக்கு, போய்ப் பாரு. அந்தத் தட்டு உடையாம இத்தனை கடல் தாண்டி வந்துச்சுன்னா எவனோ ஒருத்தன் ஒழுங்காக் கட்டியிருக்கான்.

வெள்ளைக்காரிக்கிட்ட கத்துக்கிட்டதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா உன் வீட்டுக்குள்ளயே மூணு வாத்தியாரம்மா சும்மா உக்காந்திருக்காங்க. உங்க அம்மா வயர் கூடை பின்னுனவ. சிவன் கண்ணு, நெல்லிக்கா, பிஸ்கட்டுன்னு அத்தனையும் அவ விரல்ல இருக்கு. இந்த வீட்டுல காய்கறி வந்தது, கல்யாணச் சீர் போனது, ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க் போனது எல்லாம் அந்தக் கூடையில. உங்க அத்தை பூக்கட்டுறதை ஒருநாள் பக்கத்துல உக்காந்து பாரு. இடது கையில வாழைநாரு. ரெண்டு மொட்டு இப்படி, ரெண்டு மொட்டு அப்படி, காம்பும் காம்பும் முட்டணும். நாரால ஒரு சுத்து. வலது கை விரல்ல ஒரு வளையம் எடுத்து, அதைத் திருப்பிக் காம்பு மேல மாட்டி ஒரு இழுப்பு. வாயி அடுத்த தெரு வம்பு பேசிக்கிட்டிருக்கும், கை முழத்தைத் தாண்டியிருக்கும். இறுக்குனா காம்பு நறுங்கும், விட்டா பூ உருவிக்கும். அந்த இழுப்போட அளவை எந்த வீடியோவும் காட்டாது, அத்தையும் சொல்லமாட்டா, ஏன்னா அவளுக்கே தெரியாது. மூணாவது வாத்தியாரம்மா உங்க அப்பாயி. அவகிட்ட மட்டும் போகாதே. சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சா நான் உறியை இறக்கிக் கட்டுன கதைக்கு வந்துடுவா.

அடிக்கூட்டைப் பாப்போம். எட்டு இழை, நாலு சோடி. சோடிக்கு ஒரு முடிச்சு. அப்புறம் ஒவ்வொரு சோடியையும் பிரிச்சு, இவன் பக்கத்துல ஒருத்தன், அவன் பக்கத்துல ஒருத்தன்னு பக்கத்து வீட்டோட சேத்து அடுத்த முடிச்சு. கீழ வந்து எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிடு. இது வலைதான், வேற ஒண்ணுமில்ல. வலை பின்னுறவன் கண்ணெல்லாம் ஒரே அளவா விழணும்னு ஒரு பலகைத் துண்டைக் கையிலயே வச்சிருப்பான். ஒவ்வொரு முடிச்சையும் அதுல அளந்துதான் போடுவான். நீ கண்ணாலயே அளந்திருக்கே. ஒரு முடிச்சு மேல, ஒண்ணு கீழ. தொட்டி வச்சா சாஞ்சு நின்னு சிரிக்குது பாரு. உன் போனை எடு. அந்த அகலத்துக்கு ஒரு கண்ணு, வச்சு வச்சு முடி போடு. அதுக்காவது அது உதவட்டும்.

இப்பதான் மெயின் சமாச்சாரத்துக்கு வாறேன். இவ்வளவு நேரமா முடிச்சையே பாத்துக்கிட்டிருக்கியே, என்னிக்காவது மேல பாத்தியா? சும்மா படுத்து விட்டத்தைப் பாக்குறான்னு என்னை வீட்டுல எல்லாரும் ஏசுறீங்க. விட்டத்தைப் பாக்கத் தெரிஞ்சவந்தான் உறி கட்டணும். நம்ம பழைய வீட்டு உத்திரம் யானையக் கட்டினாலும் அசையாது. அந்த லாட்ஜுல போய் அண்ணாந்து பாரு. பூ போட்டு, உள்ள நீல விளக்கு வச்சு, அழகா ஒரு கூரை. விரலால தட்டிப் பாரு, டொக்குனு கேக்கும். அது ஃபால்ஸ் சீலிங்கு. பேருலயே பொய்யின்னு சொல்லிட்டுத்தான் நிக்குது, அதுக்கு மேல அதைக் குறை சொல்லி என்ன பண்ண? ஜிப்சம் பலகை. அதுல கொக்கியத் திருகுனா உன் முடிச்சு எல்லாம் பத்திரமா இருக்கும், பலகையோட சேந்து கீழ வரும். பலகையில ஓட்டை போட்டு, அதுக்கு மேல இருக்கிற கான்கிரீட்டுல ஆங்கர் போல்ட்டு அடிச்சு, அங்கேர்ந்து தொங்கவிடணும். லாட்ஜுக்காரர் ஒத்துக்கமாட்டாரு. ஒத்துக்கலேன்னா ஆர்டரே வேண்டாம்னு சொல்லு. நீ சொல்லமாட்டே. நான் வந்து சொல்லுறேன்.

பாரம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டியா? எட்டு இஞ்சுத் தொட்டி மண்ணோட, தண்ணி ஊத்தின சூட்டுல தூக்கிப் பாரு, அஞ்சாறு கிலோ நிக்கும். ஒரு லிட்டர் ஊத்துனா ஒரு கிலோ ஏறுது, அதுக்குத் தராசு வேண்டாம். கடைக்காரன் காஞ்ச தொட்டியத் தூக்கிக் காட்டி "லைட் வெயிட்டும்மா"ம்பான். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எல்லா மாப்பிள்ளையும் லைட் வெயிட்டுதான். மண்ணுக்குப் பதிலா தேங்காநார்ச் சோறு போடு. காய்ஞ்சா காத்தாட்டம், நனைஞ்சா தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். மண்ணு அளவுக்குக் கனக்காது. நாரை நாம கயிறாக்குனோம். சோறை வீசி எறிஞ்சோம். இப்ப அதையே செங்கல்லா அழுத்தி வெளிநாட்டுக்கு ஏத்துறாங்க. மட்டை மேல எனக்கு இப்ப மரியாதை கூடிப்போச்சு.

கொக்கியும் பாத்து வாங்கு. சாதா இரும்பு வாங்குனா ரெண்டு மழையில துரு ஏறித் தொட்டி மேல காவி வடியும். ஸ்டெயின்லெஸ்ஸுன்னு கடைக்காரன் குடுப்பான். அதுலயும் சாதி உண்டு. 304-ங்கிறது உள்நாட்டுக்கு. கடல் காத்துக்கு 316-னு கேளு. உப்பைத் தாங்கறதுக்குன்னு அதுல மாலிப்டினம் சேக்குறாங்க. கேட்டதும் கடைக்காரன் உன்னை ஒரு பார்வை பாப்பான். பாக்கட்டும். வெலை கூடத்தான் சொல்லுவான். கோயிலுக்கு வந்தவன் மண்டைக்கு அதைவிட வெலை அதிகம்.

ஒண்ணு கட்டி முடிச்சதும் உடனே குடுத்துடாதே. பத்து லிட்டர் வாளியில முட்டத் தண்ணி ரொப்பி, தொட்டிக்குப் பதிலா அதை வச்சு, ராத்திரி பூராத் தொங்கவிடு. புதுக்கயிறு இழுபட்டு நீளும், முடிச்சு உக்காரும். எந்த முடிச்சு உருவுதுன்னு விடிஞ்சா தெரிஞ்சிடும். எங்க தொங்கவிடுறதுங்கறியா? என் கட்டிலுக்கு மேல வேண்டாம். உங்க மாமன் கட்டிலுக்கு மேல தொங்கவிடு. அவன் இன்னும் வயலுக்குப் போகாமத் தூங்குறான்.

என்ன செடி வைக்கப் போறே? மணி பிளான்ட்டா? காசு குடுத்தா வாங்குனே? ஐயையே, அது பலிக்காது. திருடி வச்சாத்தான் காசு கொட்டுமாம். இந்தத் தெருவுல இருக்கிற அத்தனை மணி பிளான்ட்டும் ஒரே தாய்ச்செடியிலேர்ந்து சுவர் ஏறிக் குதிச்சு வந்ததுதான். எல்லாருக்கும் எல்லார் மேலயும் சந்தேகம், அதனால எவரும் புகார் குடுக்கறதில்ல. அதோட சொந்த ஊரு பசிபிக் கடல்ல மூரியான்னு ஒரு தீவாம். அங்கேர்ந்து திருட்டுத்தனமாவே வந்து சேந்து உலகம் பூரா பரவிடுச்சு, கெட்டிக்காரச் செடி. செடி வச்சா அறைக்காத்து சுத்தமாவும்னு லாட்ஜுக்காரர்கிட்ட சொல்லித்தான் ஆர்டரு புடிச்சேன்னு உன் தம்பி சொன்னான். 1989-ல நாசாக்காரங்க அப்படி ஏதோ கண்டுபுடிச்சாங்களாம். அதை மூடுன பெட்டிக்குள்ள செடிய வச்சுப் பாத்துச் சொன்னாங்களாம். 2019-ல அமெரிக்காவுல கணக்குப் போட்டவங்க, சாதா அறையில அப்படி ஆவணும்னா ஒரு சதுர மீட்டருக்குப் பத்துலேர்ந்து ஆயிரம் செடி வரைக்கும் வேணும்னுட்டாங்களாம். அதுவும் உன் தம்பிதான் போன்ல காட்டுனான். இதை லாட்ஜுக்காரர்கிட்ட சொல்லாதேன்னு நான் சொல்லமாட்டேன். ஒருவேளை சொல்றதுனா ஆயிரத்தை மட்டும் சொல்லு. ஆர்டரு கூடினாலும் கூடும்.

இன்னும் ஒண்ணு இருக்கு, இதை எந்த வீடியோவிலும் சொல்லமாட்டாங்க, இந்த ஊர்ல பொறந்தவனுக்குத்தான் தெரியும். கொடியேத்தத்துலேர்ந்து வர்ற கூட்டத்தை யோசிச்சுப் பாரு. காவி கட்டிக்கிட்டு நாள் கணக்கா நடந்து வருவான். மொட்டை போடுவான். கடல்ல முழுகுவான். ஒரு அறையில பத்துப் பேரு தங்குவான். ஈரத்துண்டு, ஈர வேட்டி, ஈரப் பாவாடை, புள்ளை ஜட்டி எல்லாத்தையும் வச்சுக்கிட்டு எங்க காயப் போடுறதுன்னு வரவேற்பறைக்கு வந்து அண்ணாந்து பாப்பான். அவன் கண்ணுக்கு முன்னால நீ வெள்ளை வெளேர்னு இருபது கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பே. அவனுக்கு அது மேக்ரமே இல்ல ஆயி, கொடி. கொடியேத்தத்துக்கு வந்தவன் உன் கொடியிலயும் ஏத்திட்டுப் போவான். துண்டு காயப் போட்டதுக்கு அப்புறம் சின்னப் பய ஒருத்தன் அதைப் புடிச்சு ஊஞ்சலாடிப் பாப்பான். கணக்குல அவன் எடையையும் சேத்துக்க.

அதனால நான் ஒரு யோசனை சொல்றேன். ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்துலயும் சுவரோரமா ஒரு மொட்டைக் கயிறு நீட்டாக் கட்டிவிடு. பூ வேலை வேண்டாம், முடிச்சு வேண்டாம். துண்டு அங்க போயிடும், செடி பொழைக்கும். லாட்ஜுக்காரர்கிட்ட அதைக் கொடின்னு சொல்லிடாதே, காசு தரமாட்டாரு. வாயில நுழையாத பேரா ஒண்ணு வச்சு, பில்லுல தனியா ஒரு வரி போடு. மீட்டருக்கு நூத்தி அம்பதுன்னு ஆரம்பிச்சா நூத்துல வந்து நிக்கும். நார்க்கயிறு நான் திரிச்சுத் தாரேன். எனக்கு மீட்டருக்கு நாப்பது. என்ன முறைக்கிறே? சரி, முப்பத்தஞ்சு. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லு, உங்க அப்பாயி பூசை முடிஞ்சு வந்தாள்னா அம்பது கேப்பா.